நீலமுட்டைக்காரி

ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுப்பார்கள். பஸ் கண்டக்டரைக் கேட்டால் சொல்வார். ஆனால் சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கரடியூர் வியூ பாயிண்டுக்குக் காரில் வந்துபோன ஒரு குடும்பத்துக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவர்கள் பிள்ளை மிளகாய் பஜ்ஜி, மாங்காய்ப் பத்தை, பஞ்சுமிட்டாய், ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் தின்றுவிட்டுக் கடைசியாகக் கௌரியின் கடையில் அவித்த காடைமுட்டையும் தின்றது. பாதி மலை இறங்குவதற்குள் அத்தனையையும் திருப்பிக் கொடுத்தது. அப்பன்காரன் காரை ஓரங்கட்டினான். பிள்ளையின் முதுகைத் தடவிவிடுவதற்கு முன்னால் செல்போனை எடுத்தான். பொட்டலத்தில் மிச்சமிருந்த முட்டையைப் படம் பிடித்தான். அந்த முட்டை நீலமாக இருந்தது.

'ஏற்காட்டில் சாயம் பூசிய முட்டை, மக்களே உஷார்' என்று அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பஜ்ஜியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஐஸ்கிரீமும் தப்பித்துக்கொண்டது.

கௌரியின் ஊர், கரடியூரைத் தாண்டி மேலே ஏறினால் வருகிற மேட்டுக்கொட்டாய். சின்ன ஊர். காப்பிச் செடி, சில்வர் ஓக் மரத்தில் ஏறின மிளகுக் கொடி, பலா, வீட்டுக்குக் கொஞ்சம் சாமை. காலையில் வெயில் அடிக்கும், மதியத்துக்கு மேல் மூட்டம் இறங்கி எதிர்வீட்டை மறைத்துவிடும். அவள் புருஷன் சிவக்குமார் பாதி நாள் சொந்தக் காட்டிலும் பாதி நாள் எஸ்டேட்டில் கிளை வெட்டும் கவாத்து வேலையிலும் இருப்பான். நல்ல மனுஷன். இரண்டு பேர் சண்டை போட்டால் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு வருகிற அளவுக்கு நல்லவன். வீட்டுக்கு வேண்டிய தைரியத்தை மொத்தமாகக் கௌரியே வைத்திருந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவள் காடை வளர்த்தாள். விடிந்ததும் முதல் வேலை, கூண்டுக்கு அடியில் இருக்கிற தட்டுகளை உருவி எச்சத்தை வழித்து மிளகுக் கொடிகளுக்குப் போடுவது. அந்த நாற்றத்துக்குப் பழகிய மூக்குக்குத்தான் அந்தக் கொட்டகையில் இடம். அப்புறம் தீவனம், தண்ணீர். காடைக்குஞ்சு பொரிக்கும்போது கட்டைவிரல் தண்டிதான் இருக்கும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைக்காவிட்டால் குடிக்க வந்தது அதிலேயே முழுகிச் செத்துவிடும். குளிரும் ஆகாது. மூட்டம் கட்டிக் கரண்டு போகிற நாட்களில் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, சாக்கில் சுற்றி, குஞ்சுகளுக்கு நடுவில் வைப்பாள். அன்றைக்குச் சிவக்குமாருக்குக் குளிக்கப் பச்சைத் தண்ணீர்தான்.

"குஞ்சுக்கு இருக்கற மருவாதி எனக்கில்ல" என்பான் அவன்.

"நீங்களும் முட்டை போடுங்க, வெந்நி வெச்சுத் தர்றேன்" என்பாள்.

காடைமுட்டை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வெளிறின தோலில் காப்பிக் கறை தெறித்த மாதிரி புள்ளிகள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பொழுது சாயக் கூண்டின் முன்தட்டில் உருண்டு கிடந்த முட்டைகளில் ஒன்று நீலமாக இருந்தது. புள்ளி இல்லை. காப்பிச் செடிக்குள் கூடு கட்டும் தவிட்டுக்குருவியின் முட்டை நீலமாக இருக்கும்; அதைக் கொண்டுவந்து வைத்துப் புருஷன் எகத்தாளம் பண்ணுகிறான் என்றுதான் கௌரி முதலில் நினைத்தாள். மறுநாளும் ஒன்று. அதற்கடுத்த நாள் அவள் கொட்டகையிலேயே உட்கார்ந்துகொண்டாள். கண் முன்னாலேயே ஒரு பெட்டை எழுந்து, சிறகைச் சிலிர்த்து, நீலமாகப் போட்டுவிட்டுத் தீவனம் தின்னப் போனது.

அந்தப் பெட்டையின் முட்டைகளை அவள் விற்கவில்லை. பல்பு மாட்டிய தெர்மாகோல் பெட்டியில் வைத்துப் பொரிக்கவிட்டாள். மகள்கள் வளர்ந்து முட்டையிட்டன. அத்தனையும் சாதாரணப் புள்ளி முட்டை. கௌரி ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஆனாலும் அவற்றை விலக்காமல், கூடப் பிறந்த சேவல்களோடு சேர்த்தே வைத்திருந்தாள். மகளுக்கு வராதது பேத்திகளுக்கு வந்தது. அந்தக் கூட்டத்தில் மூன்று பெட்டைகள் நீலமாகப் போட்டன. அன்றைக்கு அவள் அடுத்த வீட்டு ஆராயியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். மேட்டுக்கொட்டாய் முழுக்க அவளுக்கு 'நீலமுட்டைக்காரி' என்று பேர் விழுந்தது. அவளுக்கு அது நகை போட்ட மாதிரி இருந்தது. வியூ பாயிண்டில் கடை போடும்போது புள்ளி முட்டைகளுக்கு மேலே இரண்டு மூன்று நீல முட்டைகளை எடுப்பாக வைப்பாள். மரியாதையாகக் கேட்கிறவர்களுக்குத்தான் கொடுப்பாள்.

அந்த வீடியோ வந்த பிறகு நீலமும் விலைபோகவில்லை, புள்ளியும் விலைபோகவில்லை. கார்க்காரர்கள் முட்டைக் கூடையைப் பார்த்ததுமே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே காடைமுட்டை விற்பது கௌரி மட்டுமில்லை. அதே ஊர் பொன்னுவேலும் கடை வைத்திருந்தான். சேலத்துக் குஞ்சு, சேலத்துத் தீவனம், ஏழெட்டுக் கூண்டு. பெரிய கை அவன்தான். அவித்த முட்டைகளைச் சாயங்காலம் திரும்பத் தூக்கிக்கொண்டு போய் நாய்க்குப் போட்டான். நான்காவது நாள் கௌரியின் கடை முன்னால் வந்து நின்றான்.

"ஏம்மா கௌரி, நீ நெசத்தச் சொல்லிப்போடு. என்னத்தப் பூசறே?"

"ஒண்ணும் பூசறதில்லீங்ணா."

"நானும் காடை வெச்சிருக்கறேன். எங்கப்பன் காலத்துல கண்ணி வெச்சுக் காட்டுக்காடை புடிச்சிருக்கறோம். எந்தக் காடையும் நீலமாப் போட்டு நாம் பாத்ததில்ல."

"நீங்க பாக்காட்டி அது போடக்கூடாதுங்களா?"

பக்கத்தில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்த ஆராயி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. பொன்னுவேல் கெட்டவன் இல்லை. ஆனால் பெண்பிள்ளைகள் சிரித்ததைப் பொறுத்துக்கொள்கிறவனும் இல்லை. நேரே ஊர்க்கவுண்டரிடம் போனான்.

ஊர்க்கவுண்டர் அங்கப்பன் ஊருக்குத் தலைவர், சிவக்குமாருக்குப் பெரியப்பா. மாரியம்மன் கோயில் முன்னால் பாறையில் உட்கார்ந்து நாயம் கேட்டார். ஊர் நோம்பி, அம்மனுக்குப் பொங்கல் வைக்கும் திருவிழா, நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லோர் வீட்டு அரிசியும் ஒரே பானையில் விழுந்து பொங்க வேண்டிய நேரத்தில் இப்படி ஒரு அக்கப்போர் என்று அவருக்கு எரிச்சல்.

"இத பாரு கௌரி. பூசலைன்னா பூசலைன்னு சொல்லு. அம்மன் முன்னால சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணிப்போடு. ஊரு வாய மூடிக்கும். பொன்னுவேலு, உனக்குச் சம்மதந்தான?"

"சம்மதமுங்க."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது எல்லா ஊரிலும் இருக்கிறது. மேட்டுக்கொட்டாயில் அதற்கு ஒரு வால் உண்டு. எந்தப் பொருளைக் குறித்துச் சத்தியம் பண்ணுகிறோமோ, அந்தப் பொருள் அதற்குப் பிறகு அம்மனுக்குச் சொந்தம். அந்த வீடு அதைப் புழங்கக் கூடாது. பொய்ச் சத்தியத்துக்கு மட்டுமில்லை, மெய்ச் சத்தியத்துக்கும் இதே கதிதான். காளியப்பன் என்பவன் வரப்பில் நின்ற பலாமரம் தன்னுடையது என்று சூடம் அடித்தான். மரம் அவனுடையதுதான் என்று ஊரே ஒப்புக்கொண்டது. அன்றையிலிருந்து பழம் குரங்குக்கு. காளியப்பன் ஆனி ஆடியில் அந்த வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு போவான்.

கௌரி எழுந்து நின்றாள். "நான் சூடம் அடிக்கமாட்டனுங்க மாமா."

"அடிக்கமாட்டியா?"

"அடிச்சா என்ற காடைய அவுத்து விட்டுரோணும். வெளிய வுட்டா ஒரு ராத்திரி தாங்காதுங்க. கீரி இருக்குது, பூனை இருக்குது. பொய் சொல்லாதவ எதுக்குங்க காடைய இழக்கோணும்?"

"அப்பப் பொய்யின்னுதான் ஆவும்" என்றான் பொன்னுவேல்.

அங்கப்பன் கையைத் தூக்கி அவனை அடக்கினார். ஊர் கேட்டுச் சத்தியம் பண்ண மறுத்தவர்கள் அந்த ஊரில் அதுவரை யாரும் இல்லை. அவருக்கே அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில் வழக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சொன்னார். "வெள்ளிக்கெழமை பொழுது சாயப் பானைக்கு அரிசி வாங்கறோம். அதுக்குள்ள சூடம் அடிச்சாச் சரி. இல்லாட்டி உங்க ஊட்டு அரிசி பானையில உழுவாது."

அரிசி வாங்கவில்லை என்றால் அந்த வீடு ஊரில் இல்லை என்று அர்த்தம். சிவக்குமார் பாறை ஓரத்தில் குனிந்து உட்கார்ந்து ஒரு புல்லைப் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

அன்றைக்கு வீட்டில் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். சிவக்குமாருக்கு அவரைக்கொட்டைக் குழம்பென்றால் உயிர். அன்று களியை உருட்டி உருட்டித் தட்டிலேயே வைத்தான்.

"ஏனுங்க, நான் சாயம் பூசுனனா?"

"நீ பூசலைன்னு எனக்குத் தெரியாதா புள்ள?"

"தெரிஞ்சும் அங்க கல்லாட்டம் உக்காந்திருந்தீங்களே."

"பெரீப்பா முன்னால என்னத்தப் பேசறது? அவரு சொன்னா நாம கேக்கோணுமில்ல." தட்டைத் தள்ளி வைத்தான். "சூடத்த அடிச்சுப்போட்டு வந்துரு கௌரி. சித்த நேர வேலை. காடை போனாப் போவுது, பேராச்சும் மிஞ்சும்."

"பேர வெச்சு என்ன பண்றது? அவிச்சு மொளகுத்தூள் போட்டு விக்கறதா?"

"வெளையாடாத. அரிசி வாங்கலைன்னா நாளைக்கு நம்ம ஊட்டுல ஒரு நல்லது கெட்டதுன்னா யாரு வருவா? எனக்கு ஒண்ணுன்னா எந்தத் தோளு தூக்கும்?"

அவன் பயந்தாங்கொள்ளி என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இந்த இடத்தில் அவன் பயந்தது நியாயம்தான் என்பதும் தெரிந்தது. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. களிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். பெட்டைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. முன்தட்டில் அன்றைய முட்டைகள் இருந்தன. கோழி என்றால் காலையில் போடும். காடை அப்படியில்லை. மத்தியானம் தாண்டி விளக்கு வைக்கிற வரைக்கும் அதற்கு நேரம். அரிசி வாங்குகிற நேரமும் அதுதான் என்று அவளுக்கு உறைத்தது.

விடிந்ததும் அங்கப்பன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் வரக்காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன கண்ணு, மனசு மாறுனயா?"

"இல்லீங்க மாமா. சூடம் அடிக்கறது மனுசங்க. முட்டை போட்டது காடை. போட்டவளையே கேட்டுப்போடுங்க."

"காடை என்னத்தச் சொல்லும்?"

"வாயில சொல்லாதுங்க."

அங்கப்பனுக்குக் காப்பி புரையேறிவிட்டது. சிரிப்பா கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தலையைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "கோயிலுக்குக் கொண்டாந்து வெப்பியா?"

"கூண்டோட கொண்டாந்து வெக்கறனுங்க. எல்லாரும் பாத்திருக்கட்டும். நீலமாப் போடலைன்னா நானே கதவத் தெறந்து உட்டுர்றேன், சூடமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் காற்று நின்று மூட்டம் கீழே பள்ளத்திலிருந்து ஏறிவந்தது. சிவக்குமாரும் ஆராயியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூண்டைத் தூக்கிவந்து கோயில் முன் பாறையில் வைத்தார்கள். நீலமாகப் போடும் பேத்திகள் மூன்றும் புள்ளி முட்டை போடும் இரண்டும் உள்ளே இருந்தன. பொன்னுவேல் சும்மா விடவில்லை. கூண்டுக் கம்பிகளைத் துணி நனைத்துத் துடைத்தான். முன்தட்டை முகர்ந்து பார்த்தான். தீவனத்தைக் கொட்டிவிட்டுத் தன் வீட்டுத் தீவனத்தைப் போட்டான். கௌரியின் கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்த்தான்.

"வாயத் தொறக்கட்டுமா, பல்லையும் பாத்துக்கறீங்களா?" என்றாள் கௌரி. பிறகு பத்தடி தள்ளிப் போய்ப் புல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அரிசி வந்தது. முறத்திலும் படியிலும் தூக்குப்போசியிலும் கொண்டுவந்தார்கள். அங்கப்பன் வாங்கிப் பெரிய அண்டாவில் கொட்டினார். சிவக்குமாரும் அரிசி கொண்டுவந்திருந்தான். துண்டில் முடிந்து அக்குளில் இடுக்கியிருந்தான். யாரும் அதைக் கேட்கவில்லை. அவன் அண்டாவுக்குப் பக்கத்திலும் போகாமல் கூண்டுக்குப் பக்கத்திலும் போகாமல் நடுவில் நின்றான்.

காடைகள் மூலையில் ஒண்டிக்கொண்டன. தூக்கிவந்த குலுக்கலும் புது இடமும் ஆளரவமும் சேர்ந்து அவற்றை மிரட்டிவிட்டன. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஐந்தும் ஐந்து மண்ணாங்கட்டியாகக் கிடந்தன. ஊர் சுற்றி நின்று எட்டி எட்டிப் பார்த்தது.

"போடற மாதிரி தெரியலையே."

"மொதல்ல உசுரு இருக்குதான்னு பாருங்க."

கௌரி எழுந்து வந்தாள். ஒரு சாக்கை எடுத்துக் கூண்டின் பாதியை மூடினாள். "எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போயிருங்க. கம்முனு இருக்கோணும். நீங்க கொழந்த பெத்தப்ப ஊரே சுத்தி நின்னு எட்டிப் பாத்துதா?" என்று பெண்களைக் கேட்டாள். பெண்கள்தான் முதலில் நகர்ந்தார்கள். தங்கள் புருஷன்மாரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். கௌரியும் பழையபடி புல்லில் போய் உட்கார்ந்தாள்.

அப்புறம் அங்கே நடந்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சிரிக்காமல் சொல்வதில்லை. மேட்டுக்கொட்டாய்க்காரர்கள் இயல்பாகவே ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கேட்கப் பேசுகிறவர்கள். அன்றைக்கு ஒரு கைப்பிடிப் பறவைக்காக ஊரே குசுகுசுவென்று பேசியது. அங்கப்பனுக்கு இருமல் வந்தது. எழுந்து கோயிலுக்குப் பின்னால் போய் இருமிவிட்டு வந்தார்.

பொழுது இறங்கியபோது சாக்குக்கு அடியில் ஒரு பெட்டை எழுந்தது. கால்களை அகட்டியது. இறகு சிலிர்த்தது. சரிவுத் தளத்தில் ஒரு முட்டை உருண்டு முன்தட்டுக்கு வந்தது. புள்ளி முட்டை. ஈரம் பளபளத்தது.

பொன்னுவேல் தாவி அதை எடுத்தான். "பாத்துக்கோங்க, இதான் காடைமுட்டை. ஆண்டவன் வெச்ச நெறம்" என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான். காட்டியவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் விரல் பட்ட இடத்தில் புள்ளிகள் இழுசிப் பரவியிருந்தன. விரலெல்லாம் காப்பிக் கறை.

"சாயம்! சாயமுங்க! பாருங்க, கையில ஒட்டுது!"

கௌரி இத்தனை வருஷத்தில் ஈரத்தோடு முட்டையைத் தொட்டதில்லை. தட்டில் உருண்டு காய்ந்த பிறகு இருட்டும்போதுதான் பொறுக்குவாள். நிறம் கையோடு வரும் என்று அவளுக்கும் தெரியாது. ஒரு நொடி, தன் காடைகளையே அவள் சந்தேகப்பட்டாள்.

அங்கப்பன் எழுந்து வந்தார். பொன்னுவேலின் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்டா, இது உன்ற கண்ணு முன்னால போட்டதுதான?"

"ஆமாங்க."

"கௌரி எங்க இருந்தா?"

பொன்னுவேல் புல்லைப் பார்த்தான். "அங்க."

"அப்பப் பூசுனது ஆருடா?"

"காடையே பூசுதாட்டம் இருக்குது" என்றாள் ஆராயி. "உள்ளுக்குள்ளயே ஒரு பெயிண்டுக் கடை வெச்சிருக்குது போல. ஏனுங்க பொன்னுவேலு, நீங்க விக்கறதும் இதே புள்ளி முட்டைதானுங்களே? உங்க ஊட்டுக் காடைக்கு ஆரு பெயிண்டு வாங்கிக் குடுக்கறாங்க?"

அதுவரை அடக்கி வைத்திருந்த சத்தமெல்லாம் சேர்ந்து ஊர் சிரித்தது. பொன்னுவேல் கையை வேட்டியில் துடைத்தான். வேட்டியிலும் கறை. ஆனால் அவன் விடவில்லை. அதில் ஒரு நியாயமும் இருந்தது. "புள்ளி போட்டது சரி. நீலம் எங்கீங்க? நாயம் நீலத்துக்குத்தான?"

சிரிப்பு நின்றது. எல்லோரும் திரும்பக் கூண்டைப் பார்த்தார்கள். இந்தக் கூச்சலில் காடைகள் மறுபடியும் ஒண்டிக்கொண்டிருந்தன.

மூட்டம் கோயிலின் மேல் இறங்கியது. துளித்துளியாக மழை. அரிசி அண்டாவின் மேல் யாரோ தகரத்தைப் போட்டு மூடினார்கள். குழந்தை வைத்திருந்தவர்கள் எழுந்து போனார்கள். அங்கப்பன் வானத்தைப் பார்த்தார். நெருங்கிய உறவு என்று தயவு காட்டினால் ஊர் பேசும். தயவு காட்டாமல் இருக்கவும் அவருக்கு மனசில்லை.

"கௌரி, பொழுதாச்சு சாமி."

"இன்னும் வெளக்கு வெக்கலீங்களே மாமா."

அவள் குரல் உடையவில்லை. ஆனால் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். சிவக்குமார் அதைப் பார்த்தான். இத்தனை நேரம் நடுவில் நின்றவன், கூண்டுக்குப் பக்கத்தில் போனான். மழை விழாதபடி கூண்டுக்கு மேல் குனிந்து, முதுகைக் காட்டி நின்றான். அவன் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. அரிசி முடிச்சை நனையாமல் அக்குளில் இறுக்கிக்கொண்டான்.

அவன் நிழலில் கூண்டு இருட்டியது. அந்த இருட்டில் ஒரு பெட்டை மெல்ல நடந்து நடுத்தளத்துக்கு வந்தது. நின்றது. திரும்ப உட்கார்ந்தது. மறுபடியும் எழுந்தது.

"வருது" என்றான் சிவக்குமார், மூச்சுக் காற்றில்.

முட்டை உருண்டு முன்தட்டில் வந்து தட்டி நின்றது. நீலம். மூட்டத்துச் சாம்பல் வெளிச்சத்தில், விடிகாலை வானத்தில் கொஞ்சம் கிள்ளி வைத்த மாதிரி இருந்தது. யாரும் தொடவில்லை. பொன்னுவேல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அங்கப்பன்தான் எடுத்தார். ஈரத்தோடு கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். விரலைப் பார்த்தார். நம்பாமல், கட்டியிருந்த வெள்ளை வேட்டியில் முட்டையை வைத்து அரக்கித் துடைத்தார். வேட்டியில் ஈரம் பட்டது. நிறம் படவில்லை.

"ஒட்டலை" என்றார்.

"இங்க குடுங்க மாமா." கௌரி முட்டையை வாங்கினாள். அதை உடைக்க அவளுக்கே கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. கூண்டு விளிம்பில் தட்டி உடைத்து, உள்ளே இருந்ததைப் பச்சையாக வாயில் விட்டு விழுங்கினாள். ஓட்டை இரண்டாகப் பிரித்து உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். உள்ளேயும் அதே நீலம், கொஞ்சம் வெளிறி.

"வெளிய பூசுனா உள்ள எப்புடிங்க போவும்? அந்தப் புள்ளி முட்டையையும் ஒடைங்க பொன்னுவேலண்ணா."

பொன்னுவேல் உடைத்தான். உட்பக்கம் வெள்ளை. அதையும் இதையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு, அவனைக் குறை சொல்ல முடியாது, ஊர் கேட்கவே சொன்னான்: "நாந்தான் தப்பு. எம்பட காடைதான் சாயம் பூசுது. உன்றது பொறவியிலயே அந்த நெறம். நொம்பச் சரி." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு ரெண்டு குஞ்சு குடுப்பயா?" என்றான்.

"மரியாதையாக் கேட்டீங்க, குடுக்கறேன்."

ஆராயி ஓட்டை வாங்கிப் பெண்களிடம் காட்டப் போனாள். அது கைக்குக் கை போனது. ஒரு கிழவர் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நம்மூருக் காடைடா" என்றார். நேற்று வரைக்கும் அது கௌரியின் காடை.

அங்கப்பன் அண்டாவின் தகரத்தை விலக்கினார். "சரி, ஆனது ஆச்சு. சிவக்குமாரு, அரிசியக் கொண்டாப்பா. போட்டுரலாம்."

சிவக்குமார் நிமிர்ந்தான். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. துண்டு முடிச்சு அவன் அக்குளில் துருத்திக்கொண்டிருந்ததை ஊரே பார்த்தது.

"அரிசி ஊட்டுல இருக்குதுங்க பெரீப்பா" என்றான். அதோடு நிறுத்தவும் இல்லை. "வேணும்னா ஊட்டுக்கு வந்து வாங்கிக்கோங்க. என்ற பொண்டாட்டி குடுப்பா."

அப்படி ஒரு பொய்யை, அதுவும் பெரியப்பாவின் முகத்துக்கு நேரே, அவன் வாழ்நாளில் சொன்னதில்லை. கௌரி அவனைப் பார்த்தாள். கல்யாணமான அன்றைக்குக்கூட அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு கூண்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். அவன் மறுபக்கத்தைப் பிடித்தான். முடிச்சு நழுவாமல் கையை ஒடுக்கிக்கொண்டே, இருவரும் கூண்டைத் தூக்கி மேட்டில் நடந்தார்கள்.

அங்கப்பன் சிறிது நேரம் அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மழையில் அவர்கள் பின்னாலேயே நடந்தார்.